பொங்கல் பலகையும் ரூபாய் நோட்டும்: மார்க்கெட்டிங் வேலையில் செய்யக்கூடாதவை

மொரீஷியஸில் டெக் கம்பெனிகள் குவிந்திருக்கும் எபேன் சைபர் சிட்டியில் வேலைக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகளின் பயோடேட்டாவில் முதல் வரியிலேயே லைக் கணக்குதான் இருக்கும். மொரீஷியஸின் மொத்த மக்கள்தொகையே சுமார் 12.5 லட்சம். இதில் 'ஐந்து லட்சம் பேரைச் சென்றடைந்தேன்' என்றால் எதிரே இருப்பவருக்குச் சிரிப்புதான் வரும். எத்தனை பேர் காசு கொடுத்தார்கள், எத்தனை பேர் அடுத்த மாதமும் இருந்தார்கள் என்று எழுதுங்கள்.

பத்திரிகை, ரேடியோவிலிருந்து டெக் பக்கம் வருபவர்கள் சறுக்குவதும் இங்கேதான். மீடியாவில் நேயர்களைக் காட்டி விளம்பரதாரரிடம் காசு வாங்குகிறோம். ஆப், இன்டர்நெட் சந்தா விற்கும் இடத்தில் நேயரே காசு கொடுப்பவர். நூறு பேரைச் சேர்த்து, ஆறே மாதத்தில் நாற்பது பேர் கழன்றுகொண்டால் அது ஓட்டைப் பானை. ஃபைனான்ஸ் ஆட்கள் அந்த நாற்பதைப் பற்றித்தான் கேட்பார்கள்.

மொழி விஷயத்தில் நானே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கே அலுவலகக் கடிதம் ஆங்கிலம், பத்திரிகை பிரெஞ்சு, வீட்டுப் பேச்சு பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழி. தமிழ் பேசுபவர்கள் குறைவு, அதனால் தமிழ் எழுத்தை ஓர் அலங்காரம் போல ஒட்டிவிடலாம் என்று நினைத்தேன். ரோஸ் ஹில்லில் ஒரு பொங்கல் விளம்பரப் பலகை வைத்தோம். போனில் நான் பார்த்த வாசகம் சரியாகத்தான் இருந்தது. டிசைன் சாஃப்ட்வேரில் ஒட்டியதும் 'பொ'வின் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்விட்டது. அச்சுக்குப் போகும் ஃபைலைத் திறந்தே பார்க்காமல் ஓகே சொன்னது நான்தான்.

மறுநாள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் போன் செய்தார். "ரூபாய் நோட்டையே மாற்ற வைத்தவர்கள் நாங்கள், தம்பி. உங்கள் பலகை எம்மாத்திரம்?"

அவர் சொன்னது 1998 கதை. நாட்டின் மத்திய வங்கி வெளியிட்ட புது நோட்டுகளில், அதுவரை ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழை மூன்றாவதாகத் தள்ளி, இந்தி எழுதப் பயன்படும் தேவநாகரி எழுத்தை மேலே போட்டுவிட்டார்கள். தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999-இல் பழைய வரிசையிலேயே புதிதாக வெளியிட வேண்டியதாயிற்று. எங்கள் பலகை அன்று மாலையே இறங்கியது. அப்புறம் தமிழ் வாசகத்தைப் படமாக மாற்றி, படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் நான் எதையும் அச்சுக்கு அனுப்பியதில்லை.

வேலை மாறும்போது வாடிக்கையாளர் பட்டியலைப் பென்டிரைவில் எடுத்துப்போவது இன்னொன்று. 'நான் சேர்த்த ஆட்கள்தானே' என்பார்கள். இல்லை, அது கம்பெனியிடம் அவர்கள் நம்பிக் கொடுத்த விவரம். 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், இது சின்னத் தீவு. அடுத்த இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருப்பவர் பழைய மேனேஜரின் மச்சானாக இருக்கலாம்.