காட்பாடி மாடி அறையில் ஒரு ராக் பாட்டு செய்வது எப்படி

எங்கள் ராக் பேண்டில் நான் பேஸ், அதாவது கீழ் ஸ்வரங்களுக்கான கித்தார், வாசிக்கிறேன். மேடையில் யாரும் என்னைப் பார்ப்பதில்லை. அதனால் மற்ற மூன்று பேரும் என்ன செய்கிறார்கள் என்று கவனிக்க எனக்கு நிறைய நேரம் கிடைக்கிறது. வார நாட்களில் ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை, சனிக்கிழமை இரவு காட்பாடியில் டிரம்மர் வீட்டு மாடி அறை. சொந்தமாகப் பாட்டு எழுத நினைக்கும் பையன்களும் பெண்களும் கேட்பதால் நாங்கள் செய்கிற முறையை இங்கே எழுதுகிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருப்பேன்: பாடுகிற குரல் எங்கே வருகிறதோ, அங்கே மற்றவர்கள் வழிவிட வேண்டும்.

பெரும்பாலும் பாட்டு ஒரு கித்தார் ரிஃப்பில்தான் தொடங்கும். ரிஃப் என்பது திரும்பத் திரும்ப வரும் சின்னச் சொற்றொடர் மாதிரி. கித்தாரிஸ்ட் வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்து கொண்டுவருவது என்பதால், நாலு பீட்டையும் அது ஒரு பொட்டு இடம் விடாமல் நிரப்பியிருக்கும். கேட்க நன்றாகவே இருக்கும், ஆனால் பாட இடம் இருக்காது. எனவே அவர் அதை வாசித்துக்கொண்டே இருக்கட்டும். பாடகி மேலே தத்தகாரம் போடட்டும். சினிமாவில் மெட்டமைக்கும்போது செய்வதுதான்: தன்னானே, தானானா என்று வாயில் வந்ததைப் பாடுவது. செல்போனில் அரை மணி நேரம் பதிவு செய்யுங்கள். அடுத்த நாள் கேட்டால் இரண்டு மூன்று இடங்களில் மெட்டு தானாக ஒட்டியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு ரிஃப்பைக் குறையுங்கள். முதல் இரண்டு பீட்டில் கித்தார் பேசினால் அடுத்த இரண்டில் குரல் பேசட்டும். கித்தாரிஸ்ட் முகம் கோணும். ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், சரியாகிவிடும்.

அப்புறம் வரிகள். தமிழில் ராக் எழுதுகிறவர்கள் இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். கோரஸில், அதாவது பல்லவி மாதிரி திரும்ப வரும் பகுதியில், கத்தி நீட்டுகிற இடத்தில் நெடில் வேண்டும். ஆ, ஏ, ஓ என்றால் வாய் திறக்கும், குரல் வெளியே வரும். வரி குற்றியலுகரத்தில் முடிந்தால் நீட்ட முடியாது. போச்சு, காடு, நேற்று, எல்லாம் பேச்சிலேயே பாதி விழுங்கப்படும் முடிவுகள். நாங்கள் பாலாற்றைப் பற்றி ஒரு பாட்டு செய்தோம். முதலில் வந்த வரி ‘பாலாறு எங்கே போச்சு’. அர்த்தம் சரிதான், ஆனால் கடைசிச் ‘சு’வை எவ்வளவு இழுத்தாலும் காற்றுதான் வருகிறது. மெட்டோ ‘தந்தா னானா தானானா’ என்று ஆகாரத்தில் திறந்து நிற்கிறது. ‘எங்கே போனாய் பாலாறே’ என்று திருப்பிப் போட்டதும் அந்த ஏகாரத்தை நாலு பீட் பிடித்து நிற்க முடிந்தது. கூடவே, செய்தி சொல்கிற வரி கூப்பிடுகிற வரியாகவும் மாறிவிட்டது. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு, மணலாகக் கிடக்கும் ஆற்றை இப்படிக் கூப்பிடத் தோன்றுவது இயல்பு.

சரணத்தில் இந்தக் கவலை குறைவு. அங்கே குறில்கள் அடுக்கி வேகமாகப் பேசலாம். டிரம்ஸில் ஸ்நேர் (‘டப்’ என்று வெடிக்கும் சின்ன டிரம்) விழும் இரண்டாவது, நாலாவது பீட்டில் எந்த அசை உட்காருகிறது என்று மட்டும் பாருங்கள். முக்கியமில்லாத விகுதி அங்கே விழுந்தால் வரி நொண்டும்.

சுருதியையும் குரலே முடிவு செய்யட்டும். கோரஸின் உச்ச ஸ்வரத்தைப் பாடகி நாலு முறை தொடர்ந்து முழுச் சத்தத்தில் பாடிக் காட்ட வேண்டும். நாலாவது முறை நடுங்கினால் அரை ஸ்வரம் இறக்குங்கள். பழைய வட ஆற்காட்டில் தெருக்கூத்துக் கலைஞர்கள் மைக் இல்லாத காலத்தில் ஊர் முழுக்கக் கேட்க வேண்டும் என்று மேல் சுருதியில் பாடினார்கள். உங்களுக்கு மைக் இருக்கிறது. கித்தாரில் ஓப்பன் கம்பி (விரல் வைக்காமல் மீட்டும் கம்பி) ரிஃப் கெடும் என்ற புகார் வந்தால், எல்லாக் கம்பியையும் அரை ஸ்வரம் இறக்கி ட்யூன் செய்தால் போதும். விரல் வைக்கும் இடம் மாறாது.

வேகத்துக்கு ஒரு எளிய வழி: கோரஸை வாத்தியம் இல்லாமல் கை தட்டிப் பாடுங்கள், போனில் இருக்கும் மெட்ரோனோமில் (தாளம் தட்டிக் காட்டும் ஆப்) அதே வேகத்துக்குத் தட்டிப் பாருங்கள். பாலாறு பாட்டு நிமிடத்துக்கு 112 பீட்டில் நின்றது. டிரம்மர் 124 வேண்டும் என்றார். அவர் சர்ச்சில் கற்றுக்கொண்டவர், உற்சாகம் அதிகம். 124-இல் சரண வரிகள் மூச்சுக்குத் திணறியதால் 112-க்கே வந்தோம். பதிலுக்கு நடுவில் ஒரு பகுதியை அவரிடமே விட்டோம். அம்மன் திருவிழாவில் பம்பைக்காரர்கள் ஓட்டும் ஆறு எண்ணிக்கை நடையை அவர் டாம்களில் (கனமான ஓசை தரும் டிரம்கள்) அடிப்பார், குரல் கிடையாது. மேடையில் அதிகம் கைதட்டல் அந்த இடத்துக்குத்தான்.

இதற்குப் பிறகு ஒத்திகை. யார் எங்கே வாசிக்கக் கூடாது என்பது நால்வருக்கும் மனப்பாடம் ஆகும் வரை ரெக்கார்டிங் பட்டனைத் தொட வேண்டாம். 1963 பிப்ரவரி 11 அன்று லண்டன் இஎம்ஐ ஸ்டூடியோவில் பீட்டில்ஸ் ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிவு செய்தார்கள், இரண்டே டிராக் கொண்ட டேப்பில். அதற்கு முன் ஹாம்பர்க்கிலும் லிவர்பூலிலும் ராத்திரி ராத்திரியாக வாசித்துத் தேறியவர்கள். அன்று லென்னனுக்கு ஜலதோஷம். தொண்டையைக் கிழிக்கிற பாட்டைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்தார்கள். நீங்களும் கத்துகிற பகுதியை அன்றைய கடைசி வேலையாக வையுங்கள்.

எப்போது பதிவு செய்வது? ஆடி மாதத்தில் வேண்டவே வேண்டாம். தெருவுக்கு ஒரு அம்மன், அம்மனுக்கு ரெண்டு ஸ்பீக்கர். மே மாதமும் கஷ்டம்: வெளியே 40 டிகிரி தாண்டும், ஃபேன் போட்டால் மைக்கில் காற்று, நிறுத்தினால் வியர்வையில் கம்பி துருப்பிடிக்கும், ட்யூனிங் ஓடும். மார்கழி, தை மாதங்களில் ராத்திரி பத்துக்கு மேல் நல்லது. காட்பாடி என்றால் ரயில் ஹாரன் இருக்கும்; அதனால் சத்தம் குறைவான பகுதிகளுக்கு இரண்டு டேக் கூடுதலாக எடுத்து வையுங்கள்.

அறைக்கு விலை உயர்ந்த ஃபோம் தேவையில்லை. இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்துங்கள், தரையில் ஜமக்காளம். முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை, சத்தத்தைத் தடுக்காது. கித்தாரில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். அடுத்து வீட்டு எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது கித்தார் எடுக்க வேண்டாம். பழைய வகை இன்வெர்ட்டர்களின் இரைச்சல் கித்தார் கம்பிக்குக் கீழே இருக்கும் பிக்கப்பில் ஏறிவிடும்.

கம்ப்யூட்டர் வேலை சுருக்கமானது. நாலு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கித்தாரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி), ரீப்பர் மாதிரி ஒரு பதிவு மென்பொருள், அதில் பதிவுத் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். மென்பொருளின் மீட்டரில் சத்தத்தின் உச்சம் மைனஸ் 10 டெசிபல் பக்கம் நிற்கட்டும். பஃபர் என்ற அமைப்பு (குறைத்தால் ஹெட்ஃபோனில் தாமதம் குறையும், கூட்டினால் கம்ப்யூட்டர் திணறாது) பதிவின்போது 128, எல்லாவற்றையும் கலக்கும் மிக்ஸிங்கின்போது 512.

முதலில் மெட்ரோனோம் கிளிக்கோடு கித்தாரும் குரலும் சேர்த்து ஒரு மாதிரி டிராக் எடுங்கள். பிறகு தூக்கிப் போடப் போவதுதான், ஆனால் டிரம்மர் ஹெட்ஃபோனில் குரலைக் கேட்டபடி அடித்தால் எங்கே அடக்க வேண்டும் என்று அவருக்கே தெரியும். டிரம்ஸுக்கு நாலு மைக் போதும். காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக்கில் ஒன்று, ஸ்நேரில் ஒன்று. மற்ற இரண்டும் ஆங்கிலேய சவுண்ட் இன்ஜினியர் கிளின் ஜான்ஸ் பெயரில் வழங்கும் முறைப்படி: ஒன்று ஸ்நேருக்கு நேர் மேலே, இன்னொன்று தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம் பக்கவாட்டில். இரண்டும் ஸ்நேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். நூல் பிடித்து அளந்துவிடுங்கள். சத்தம் ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். தூரம் மாறினால் ஸ்நேர் ஒரு மைக்குக்கு முந்தியும் இன்னொன்றுக்குப் பிந்தியும் வந்து மெலிந்துவிடும். சிறிய அறையில் சிம்பலை மெதுவாகவும் டாமைப் பலமாகவும் அடிக்கச் சொல்லுங்கள். இதைச் சொல்வது எளிது, டிரம்மரைக் கேட்க வைப்பது தனிக் கலை.

பேஸை நேரடியாக இன்டர்ஃபேஸில் செருகலாம். கித்தார் ஆம்ப்ளிஃபையருக்கு ஷூர் எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கர் கோனின் மையத்துக்கும் ஓரத்துக்கும் நடுவே, ஸ்பீக்கரின் முன்துணிக்கு அருகில் வையுங்கள். டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்கும் அமைப்பு) மேடையில் வைப்பதைவிடக் குறையுங்கள். கோரஸுக்கு அதே பகுதியை இன்னொரு முறை வாசித்து, ஒன்றை இடதிலும் ஒன்றை வலதிலும் போடுங்கள். முதல் டேக்கையே காப்பி செய்து இரண்டு பக்கமும் போட்டால் சத்தம்தான் கூடும், அகலம் வராது. கித்தார்கள் ஓரத்துக்குப் போனால் நடுவில் குரலுக்கு இடம் கிடைக்கும்.

குரல் பதிவுக்குப் பாடகியின் முதுகுக்குப் பின்னால் மெத்தை, மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண். ‘ப’ வெடிக்காமல் இருக்க எம்பிராய்டரி வளையத்தில் நைலான் துணி மாட்டி முன்னால் வைத்தால் போதும். ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் போட்டால் பலருக்குச் சுருதி நிற்கும். முழுப் பாட்டையும் நாலு முறை பாடவிட்டு, வரிக்கு வரி நல்லதைப் பொறுக்குங்கள். அந்த நேரத்தில் அறையில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். மீதிப் பேரை டீக்கடைக்கு அனுப்புங்கள்.

மிக்ஸிங்கில் பலர் டிரம்ஸிலிருந்து தொடங்குவார்கள். நான் குரலை முதலில் ஏற்றி, மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கீழே சேர்ப்பேன். கித்தாரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் இருப்பதை வெட்டிவிடலாம், அது பேஸுக்கும் கிக்குக்கும் உரிய இடம். வரி புரியவில்லை என்றால் குரலைக் கூட்டுவதற்கு முன் கித்தாரில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். பேஸின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ், செல்போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது. கொஞ்சம் டிஸ்டார்ஷன் கலந்தால் மேல் ஓசைகள் கேட்கும், பேஸ் வாசிக்க ஒரு ஆளும் இருப்பது தெரியும். இதை என் சுயநலம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஹெட்ஃபோன், போன், ஷேர் ஆட்டோ ஸ்பீக்கர் மூன்றிலும் கேட்டுவிட்டு முடியுங்கள். யூடியூப் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (பாட்டின் மொத்தச் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் இருப்பதைத் தானே குறைத்துவிடும், எனவே சத்தத்துக்காகப் பாட்டை நசுக்க வேண்டாம். முடித்த பாட்டைக் கம்ப்யூட்டரில் சேமிக்கும்போது மூன்று கோப்புகள் எடுத்து வையுங்கள்: சாதாரண மிக்ஸ், குரல் மட்டும் ஒரு டெசிபல் கூடியது, குரலே இல்லாதது. மூன்றாவது, பாடகிக்கு செமஸ்டர் தேர்வு நடக்கும்போது மற்றவர்கள் ஒத்திகை பார்க்க உதவும்.