ஆன்டிபாடி கிருமியைத் தடுக்கிறதா? ஒரே மணி நேரத்தில் பார்க்கலாம்

ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம், இருப்பது வேறு, அது கொரோனா கிருமியை உயிரணுவுக்குள் நுழையவிடாமல் தடுப்பது வேறு. இரண்டாவதை அளக்க, 2020-ல் நம்ம சிங்கப்பூர் டியூக்-என்யூஎஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் வாங் லின்ஃபாவின் குழு உருவாக்கிய சிபாஸ் சோதனைக்கு உயிருள்ள கிருமியே வேண்டாம் என்பதால், பாலிடெக்னிக் ஆய்வுக்கூடத்தில் பழகும் தம்பி தங்கைகளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

கையுறை போடுங்கள். சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, பத்து மடங்கு நீர்க்கச் செய்து, நிறம் தரும் நொதி ஒட்டிய கிருமிப் புரதத்துடன் சம அளவு கலந்து 37 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். ஆன்டிபாடி நல்லதாக இருந்தால் இங்கேயே அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கலவையை ஏஸ்2 பூசிய தட்டில் ஊற்றி 15 நிமிடம். ஏஸ்2தான் கிருமி நம் உயிரணுவில் நுழையும் கதவு. பிடிபடாத புரதம் மட்டும் அதில் ஒட்டும்.

நான்கு முறை கழுவுங்கள், இதில் அவசரப்பட்டால் மொத்தமும் வீண். நிறக் கரைசல் ஊற்றி இருட்டில் 15 நிமிடம், பிறகு நிறுத்தும் கரைசல், உடனே 450 நானோமீட்டர் அலைநீள ஒளியில் நிறத்தை அளந்துவிடுங்கள்.

பலர் குழம்பும் இடம் இது: நிறம் குறைந்தால்தான் தடுப்பு அதிகம். நிற அளவு ஆன்டிபாடி இல்லாத ஒப்பீட்டு மாதிரியில் 1.5, உங்கள் மாதிரியில் 0.6 என்றால் தடுப்பு 60 சதவீதம். 30 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் தடுக்கும் ஆன்டிபாடி உண்டு என்று கொள்கிறார்கள். ஆனால் பழைய வகைக் கிருமியின் புரதத்தை வைத்துச் சோதித்துவிட்டு ஓமிக்ரானையும் தடுக்கும் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், அதற்கு ஓமிக்ரான் புரதமே வேண்டும்.