குளிர்நாட்டு வீட்டுக்கு ஹீட் பம்ப்: திருமலை ஏசிக்காரன் சொல்வது

டொரொன்டோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கிற சொந்தக்காரர் முன்பெல்லாம் கோல் எடுத்தால் மழை பெய்ததா என்று கேட்பார்கள், இப்போது ஹீட் பம்ப் பூட்டலாமா என்று கேட்கிறார்கள். திருகோணமலையில் ஏசி பூட்டுகிறவனிடம் கேட்பதில் பிழையில்லை, இரண்டும் ஒரே மெஷின்தான். உப்புவெளியில் ஹோட்டல் அறைச் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிற அதே வேலையை, நாலுவழி வால்வு ஒன்று மெஷினுக்குள் ஓடுகிற காஸின் பாதையை மாற்றிவிட, ஹீட் பம்ப் மறுபக்கமாகச் செய்யும், வெளிச் சூட்டை எடுத்து உள்ளே கொட்டும். மைனஸ் 15இல் வெளியே ஏது சூடு என்று சித்தி கேட்டார். மெஷினுக்குள் ஓடுகிற ஆர்32 என்ற காஸ் சாதாரண அமுக்கத்தில் கிட்டத்தட்ட மைனஸ் 52 பாகையிலேயே கொதித்துவிடும், அதற்கு மைனஸ் 15 வெக்கையான இடம்.

வாங்கும்போது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிற பிடியூ (மெஷினின் திறனைச் சொல்கிற அளவு) எண்ணை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் குளிரூட்டும் திறன், இல்லாவிட்டால் வெளியே 7, 8 பாகை இருக்கும்போது அளந்த சூடு. மைனஸ் 15இல் எத்தனை கிலோவாட் தரும், அப்போது சிஓபி எவ்வளவு, இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். சிஓபி 2 என்றால் ஒரு யூனிட் கரண்டுக்கு இரண்டு யூனிட் சூடு. சாதாரண ஹீட்டர் ஒன்றுக்கு ஒன்றுதான் தரும். ஒஸ்லோ வீடுகள் பெரும்பாலும் கரண்டில்தான் சூடாகின்றன, அங்கே பில் குறைவது நேரடியாகத் தெரியும். டொரொன்டோவில் குழாய் காஸ் மலிவு, ஆகவே காஸை எரித்து வீட்டைச் சூடாக்குகிற பழைய ஃபர்னஸைக் கழற்ற அவசரப்படாதீர்கள், கடுங்குளிர் நாட்களுக்கு அது துணைக்கு இருக்கட்டும்.

பெரிதாக வாங்கினால் நல்லது என்ற எண்ணம் இங்கேயும் உண்டு, சின்ன அறைக்கு 24,000 பிடியூ கேட்பார்கள். அளவுக்கு மீறினால் மெஷின் அடிக்கடி நின்று நின்று ஓடும், கொம்ப்ரசருக்கும் கேடு, கரண்டும் வீண். முதலில் யன்னலிடுக்கு, கதவிடுக்கு, கூரை வழியாகச் சூடு போவதைத் தடுத்துவிடுங்கள், பிறகு வீடு எவ்வளவு சூட்டை இழக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிற ஆளிடம் வேலையைக் கொடுங்கள். சதுர அடியை மட்டும் கேட்டுவிட்டு விலை சொல்கிறவர் வேண்டாம்.

வெளி யூனிட்டைத் தரையில் வைக்கக்கூடாது, உங்கள் ஊர்ப் பனி குவிகிற உயரத்துக்கு மேலே இரும்பு ஸ்டாண்டில் ஏற்றுங்கள். கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடமும், நடைபாதை ஓரமும் ஆகாது, ஏனென்றால் யூனிட்டிலிருந்து வடிகிற தண்ணீர் கீழே கண்ணாடிபோல் உறைந்து யாராவது வழுக்கி விழுவார்கள். அந்தத் தண்ணீர் யூனிட்டுக்குள்ளேயே உறையாமல் இருக்க, அடித்தட்டில் ஹீட்டர் உள்ள மொடலாகப் பாருங்கள்.

இனி எல்லாரும் பயந்து கோல் எடுக்கிற விஷயம். பூச்சியத்தை ஒட்டிய ஈரக்குளிரில் வெளிக் கொயில் முழுக்க வெள்ளையாக உறைபனி பிடிக்கும். திடீரென்று ஃபேன் நிற்கும், உஸ்ஸென்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் யூனிட்டிலிருந்து புகைபோல ஆவி கிளம்பும், தண்ணீர் கொட்டும், உள்ளே சூட்டுக் காற்றும் வராது. மெஷின் பழுதாகவில்லை, பனியை உருக்கச் சில நிமிடம் ஏசியாக மாறி ஓடுகிறது, அவ்வளவுதான். ஸ்க்ரூ டிரைவரால் பனியைக் குத்தப் போகாதீர்கள், கொயில் ஓட்டையானால் காஸ் முழுக்கப் போய்விடும். பல மணி நேரமாகியும் பனிக்கட்டி அப்படியே இருந்தால் மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் ரிமோட். வேலைக்குப் போகும்போது நிறுத்திவிட்டு வந்ததும் 30இல் போடுவது நம்மவர் பழக்கம். ஆறிப்போன வீட்டைச் சூடாக்க மெஷின் முழு மூச்சில் ஓட வேண்டியிருக்கும், மிச்சம் பிடித்த கரண்டில் பெரும்பகுதி அதிலேயே போய்விடலாம். 20, 21இல் வைத்துவிட்டு விட்டுவிடுங்கள், ‘ஓட்டோ’வில் இல்லாமல் ‘ஹீட்’டிலேயே இருக்கட்டும். உள் யூனிட் ஃபில்டரை மாதமொருமுறை கழுவுங்கள், மீன் பொரிக்கிற வீடென்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.