பாப்பா வர்றதுக்குள்ள கடனை என்ன பண்ணலாம் - எங்க வீட்டு டைரி கணக்கு

கன்ஃபார்ம் ஆன அன்னிக்கு சாயந்திரம் எல்லாரும் ஸ்வீட் வாங்குவாங்க, நாங்களும் வாங்குனோம், அதை சாப்பிட்டுக்கிட்டே பழைய டைரி ஒண்ணை எடுத்து யாராருக்கு எவ்வளவு தரணும்னு எழுத உக்காந்தோம். எங்க வீட்டுக்காரருக்கு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர் வேலை, 32,000. நான் பனியன் கம்பெனி ஒண்ணுல அக்கவுண்ட்ஸ், 19,000. திருப்பூர்ல ரெண்டு பேர் சம்பளம்னா வெளிய பாக்கிறவங்களுக்கு நல்லாத்தான் தெரியும், ஆனா 5ஆம் தேதி வந்தா கையில ஒண்ணும் நிக்காது.

நீங்களும் முதல்ல இதைப் பண்ணுங்க, போன்ல இல்ல, பேப்பர்ல. கடன் பேரு, இன்னும் எவ்வளவு பாக்கி, மாசம் எவ்வளவு போகுது, எந்த மாசத்தோட முடியுது. அந்த நாலாவது விஷயத்தைத்தான் யாரும் எழுத மாட்டாங்க, குழந்தை எதிர்பாக்கிற வீட்டுக்கு அதுதான் ரொம்ப முக்கியம், ஏன்னு கீழ சொல்றேன். எங்களுக்கு வந்த லிஸ்ட் இது: பர்சனல் லோன் மாசம் 6,800, இன்னும் 22 கட்டு. கிரெடிட் கார்டு 48,000 பாக்கி, மினிமம் 2,500 கட்டிட்டு இருந்தோம். பைக் டியூ 3,150. போன் வாங்குன ஈஎம்ஐ 2,100. தெரிஞ்ச அக்காகிட்ட ரெண்டு வட்டிக்கு வாங்குன 30,000, மாசம் வட்டி மட்டும் 600. மாமாகிட்ட கைமாத்து 40,000, வட்டி இல்ல ஆனா விசேஷத்துல மூஞ்சியைப் பாக்கணும். அப்புறம் என் பேர்ல பேங்க்ல மூணு பவுன் அடமானம், 90,000. நகைக்கு மாசாமாசம் கட்டறது இல்லைங்கறதால அதை விட்டுட்டுப் பாத்தாலே மாசம் 15,150 போயிட்டு இருந்துச்சு.

எல்லாரும் சொல்ற அட்வைஸ் வட்டி அதிகமா இருக்கிறதை முதல்ல அடைன்னு. சாதாரண நாள்ல அது சரிதான், நானே ஒத்துக்கிறேன். ஆனா வயித்துல குழந்தையோட இருக்கிறப்ப கணக்கே வேற, ஏன்னா இன்னும் ஏழெட்டு மாசத்துல ஒரு சம்பளம் நிக்கும் இல்ல லேட்டா வரும், செலவு மட்டும் கூடும், அந்த மாசங்கள்ல மொத்தக் கடன் மூணு லட்சமா ரெண்டரை லட்சமாங்கிறது ஒரு விஷயமே இல்ல, 5ஆம் தேதி எவ்வளவு பிடிக்கிறான் அதுதான் விஷயம். அதனால பிரசவத்துக்கு முன்னாடி கடனை முடிக்கணும்னு அடிச்சுக்காதீங்க. மாசக் கட்டைக் குறைங்க.

எப்படின்னா, லீவு எடுக்கப் போற மாசத்துக்கு நேரா டைரில ஒரு கோடு போடுங்க. அந்தக் கோட்டுக்கு முன்னாடி தானா முடியற கடன்ல கூடுதலா ஒரு ரூபா போடாதீங்க. எங்க போன் ஈஎம்ஐ பிப்ரவரில தானா முடியறது, பிரசவ தேதி மே மாசம், சும்மா விட்டுட்டோம். கோட்டைத் தாண்டிப் போற கடன்ல மட்டும் பாக்கியை மாசக் கட்டால வகுத்துப் பாருங்க. தீபாவளி போனஸ் ரெண்டு பேருக்கும் சேத்து 38,000 வந்தப்ப பைக்ல 11 டியூ பாக்கி, முன்னாடியே குளோஸ் பண்ண சார்ஜோட சேத்து 33,650 கேட்டாங்க, கட்டுனா மாசம் 3,150 மிச்சம். அதே பணத்துல ரெண்டு வட்டி 30,000-ஐ அடைச்சிருந்தா மாசம் வெறும் 600 மிச்சம். பர்சனல் லோன்ல பாதில கொஞ்சம் போட்டா பெரும்பாலும் கட்டு குறையாது, மாசம்தான் குறையும், அதுவும் எப்பவோ ரெண்டு வருஷம் கழிச்சு. பைக்கை முடிச்சோம். ரெண்டு வட்டின்னா வருஷத்துக்கு 24 பர்சன்ட், அது தெரிஞ்சேதான் அதைத் தள்ளி வெச்சோம்.

(வண்டி லோன் முடிச்சா, கடன் பாக்கி இல்லைன்னு குடுக்கிற என்ஓசியை வாங்கி, ஆர்சி புக்குல ஹெச்பின்னு இருக்கிற லோன் குறிப்பை எடுக்கறதை அப்பவே பண்ணிருங்க, குழந்தை வந்தப்புறம் ஆர்டிஓ ஆபீஸ்ல போய் யார் நிக்கிறது.)

இதுக்கு ஒரு விலக்கு இருக்கு. தண்டல், மீட்டர் வட்டி, பத்து வட்டி மாதிரி ஏதாவது இருந்தா மேல சொன்ன கணக்கெல்லாம் மறந்துட்டு அதைத்தான் முதல்ல முடிக்கணும். தண்டல்னா பத்தாயிரம்னு சொல்லி முன்னாடியே வட்டியைப் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தைக் கையில குடுத்து 100 நாளைக்கு தினம் 100 ரூபா வாங்கறது, அதுல ஒரு நாள் தவறுனா வாசல்ல வந்து நிப்பாங்க, பிள்ளைத்தாச்சி வீட்டுக்கு அது ஆகாது. நகை இருந்தா பேங்க்லயோ கூட்டுறவு சங்கத்துலயோ அடகு வெச்சாவது அதை அடைங்க, வட்டி எங்கயோ கீழ இறங்கிரும். கந்துவட்டி வாங்கறது தமிழ்நாட்டுல 2003ல இருந்தே சட்டப்படி குத்தம், மிரட்டுனா கம்ப்ளெயின்ட் குடுக்க வழி இருக்கு. குழு லோன் வாங்கியிருந்தா வசூலுக்கு காலைல 9 மணிக்கு முன்னாடியும் சாயந்திரம் 6 மணிக்கு மேலயும் போன் பண்ணவோ வீட்டுக்கு வரவோ கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் ரூலே இருக்கு, அதைத் தெரிஞ்சு வெச்சுக்கங்க. குழுவுல இன்னொருத்தங்களுக்கு ஜாமீன் நிக்கச் சொன்னா இந்த வருஷம் மட்டும் வேண்டாங்கன்னு சொல்லிருங்க, அவங்க கட்டலைன்னா வாரம் தவறாம நம்மளைத்தான் கேப்பாங்க.

கிரெடிட் கார்டு கதை தனி. மாசம் 3.6 பர்சன்ட் வட்டி, 48,000-க்கு 1,728, அது மேல 18 பர்சன்ட் ஜிஎஸ்டி, ஆக 2,039 ரூபா. நாங்க கட்டுனது 2,500. அதாவது அசல்ல குறைஞ்சது மாசம் 461 ரூபா! ஒரு வருஷமா இப்படிக் கட்டிட்டு கடன் குறையுதுன்னு நினைச்சுட்டு இருந்திருக்கோம், அன்னிக்கு நைட்டு எனக்குத் தூக்கமே வரல. கார்டு கம்பெனிக்கே போன் போட்டு மொத்தத்தையும் ஈஎம்ஐயா மாத்தித் தரச் சொன்னோம், 16 பர்சன்ட்ல 24 மாசம், கிட்டத்தட்ட 2,400 வந்துச்சு. கட்டறது அதேதான், ஆனா முடியற தேதின்னு ஒண்ணு வந்துருச்சு. பிராசஸிங் ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டுட்டு சரின்னு சொல்லுங்க. மாத்தின கையோட கார்டை ரெண்டா வெட்டிருங்க, இல்லாட்டி தொட்டில் வாங்குறேன் ஸ்ட்ரோலர் வாங்குறேன்னு மறுபடி ஏறிரும்.

அடகு நகைக்கு மாசக் கட்டு இல்ல, அதனாலயே மறந்துருவோம். ரசீதை எடுத்து தேதியைப் பாருங்க. வட்டியும் அசலும் கடைசில மொத்தமா கட்டற மாதிரி லோன்னா பேங்க்ல பெரும்பாலும் 12 மாசம்தான் டைம். எங்களுது முடியற தேதி மே 20, எனக்கு டாக்டர் சொன்ன தேதி மே 14! என் பேர்ல இருக்கிற நகை, நான்தான் நேர்ல போய் கையெழுத்துப் போடணும், பச்சை உடம்போட எங்க போறது. ஏப்ரல்லயே போய் 8,000 சொச்சம் வட்டியைக் கட்டி மாத்தி வெச்சுட்டு வந்தோம். இந்த வட்டிப் பணம் மட்டும் சம்பளத்துல இருந்து வரல, வாராவாரம் டப்பால போட்டு வெச்ச காசு.

இனி வரவு பக்கம். இதுல பாதிப் பேரு ஏமாந்து போறாங்க, கேக்காததாலயே.

சம்பளம் 21,000-க்குள்ள இருந்து ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறாங்கன்னா, முன்னாடி ரெண்டு பங்களிப்பு காலத்துல (ஒண்ணுன்னா ஆறு மாசம்) 70 நாள் பணம் கட்டியிருந்தா 26 வாரத்துக்கு முழு சம்பளக் கணக்குல ஈஎஸ்ஐயே தரும். பேருகாலத்துக்கு முன்னாடி 8 வாரம் வரைக்கும் அதுல எடுத்துக்கலாம். ஈஎஸ்ஐ இல்லாத கம்பெனினா முதலாளி தரணும், 2017ல 12 வாரத்தை 26 ஆக்குனாங்க, முதல் ரெண்டு குழந்தைக்கு அது. ஹெச்ஆர்ல வாய்ல கேக்காதீங்க, மெயில் போட்டுக் கேளுங்க. ஆனா ஒண்ணு, ஈஎஸ்ஐ பணம் சம்பளத் தேதில டக்குனு வந்துராது, சர்டிபிகேட் குடுத்து கிளைம் பண்ணி அப்புறம்தான் அக்கவுண்டுக்கு வரும். அதனால ரெண்டு மூணு மாசக் கட்டு கையில இருந்தே ஆகணும். பைக்கும் போனும் முடிஞ்சப்புறம் எங்களுக்கு மாசம் 9,800 கட்டு, வாடகை 9,000, இதையும் வீட்டுக்காரர் சம்பளத்தையும் வெச்சு எழுதிப் பாத்தப்புறம்தான் லீவு எழுதிக் குடுத்தேன்.

வேலைக்குப் போகாதவங்க, கூலிக்குப் போறவங்க, வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கிறவங்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தைக் கேளுங்க. 18,000 ரூபா, அதுல 14,000 தவணையா பணம், மிச்சம் 4,000-க்கு ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டி. முதல் ரெண்டு பிரசவத்துக்கு, 19 வயசு முடிஞ்சிருக்கணும், 12 வாரத்துக்குள்ள நர்ஸம்மாகிட்ட பதிஞ்சிருக்கணும், பிரசவம் அரசு ஆஸ்பத்திரில. தனியார்ல பாக்கிறவங்களும் அப்படிப் பதியறப்ப குடுக்கிற பிக்மி நம்பரை (கர்ப்பப் பதிவு நம்பர்) வாங்கி வெச்சுக்கங்க, பிறப்புச் சான்றிதழுக்கு அதைத்தான் கேப்பாங்க. பணத்தை நம்பி முன்கூட்டி கடன் வாங்காதீங்க, வர்றப்ப வரட்டும். தொழிலாளர் நலவாரியத்துல பதிஞ்சவங்களுக்குத் தனியா மகப்பேறு உதவி உண்டு, கார்டைத் தேடி எடுங்க.

ஆஸ்பத்திரி விஷயத்துல உங்க வீட்டுப் பெரியவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். எங்களுக்கும் தனியார்தான் பிளான். ரெண்டு மூணு இடத்துல கேட்டோம், நார்மல்னா 45,000, சிசேரியன்னா 90,000-ல ஆரம்பிச்சு லட்சத்துக்கு மேல, ரூம் வாடகை தனி, குழந்தையை மஞ்சக்காமாலைக்கு லைட்டுல வெச்சா அது தனி. தனியார்னு முடிவு பண்ணா சிசேரியன் தொகையை வெச்சுத்தான் சேக்கணும், நார்மல் தொகையை வெச்சு இல்ல. இப்ப புதுசா மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுத்தா இந்தப் பிரசவத்துக்கு ஆகாது, வெயிட்டிங் பீரியட் இருக்கும். வீட்டுக்காரர் கம்பெனில குரூப் பாலிசி இருந்தா அதுல மெட்டர்னிட்டி லிமிட் எவ்வளவுன்னு பாருங்க. நான் மாசாமாசம் 9ஆம் தேதி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல நடக்கிற ஸ்பெஷல் செக்கப்புக்கு ரெண்டு தடவை போய்ப் பாத்தேன், டாக்டர் பொறுமையா பேசுனாங்க, அதுக்கப்புறம்தான் மனசு மாறுச்சு. அரசு ஆஸ்பத்திரில சிசேரியன் உட்பட இலவசம், ஆனா ஒண்ணுமே செலவாகாதுன்னு நம்பிப் போகாதீங்க, ஆட்டோ, கூட இருக்கிறவங்க சாப்பாடு, துணிமணி, அங்கங்க நூறு இருநூறுன்னு எனக்கு 9,000 ஆச்சு. ஆனது சிசேரியன்தான்.

அப்புறம் வளைகாப்பு. எங்க பக்கம் கட்டுச்சோறுன்னு சொல்வோம், முதல் பிரசவம்னா செலவு பொண்ணு வீட்டோடது. மண்டபம், 300 பேர், அஞ்சு வகைச் சாதம்னு பேச்சு ஓடிட்டு இருந்துச்சு, எங்கம்மா யாருக்கும் சொல்லாம மூணு வட்டிக்கு ஆள் பாத்துட்டு இருந்தாங்க. எனக்குத் தெரிஞ்சப்ப அழுகையே வந்துருச்சு. அம்மா வாங்குனா அது அம்மா கடனா? நாளைக்கு நான்தானே கட்டப் போறேன். "மொய் வரும்ல கண்ணு"ன்னாங்க. வந்த மொய்யை எல்லாம் நோட்டுல எழுதி வெச்சு திருப்பி வைக்கணும், அதுவும் கூடவே வெச்சு, அப்ப அதுவும் கைமாத்து மாதிரிதானேங்கம்மான்னேன். எங்க வீட்டுக்காரரே என் மாமியார்கிட்டப் பேசி, வீட்டு மொட்டை மாடில 60 பேர், சாதமெல்லாம் சித்திங்க ஆளுக்கொண்ணா செஞ்சு எடுத்துட்டு வந்தாங்க, வளையலோட சேத்து 16,000-ல முடிஞ்சுது. இந்தப் பேச்சை மருமகள் எடுத்தா சண்டைதான் வரும், வீட்டுக்காரரை விட்டுப் பேச வைங்க, அதுவும் அஞ்சாம் மாசத்துலயே, பத்திரிகை அடிச்சப்புறம் பேசி பிரயோஜனம் இல்ல.

குழந்தைக்கு வாங்குறதுல ரொம்ப சொல்ல ஒண்ணுமில்ல. தொட்டில் அக்கா வீட்டுது, பழைய காட்டன் சேலை, அக்கா பையன் போட்ட சட்டைங்க. அரசு ஆஸ்பத்திரில 16 பொருள் இருக்கிற பெட்டி குடுத்தாங்க, கொசுவலை முதற்கொண்டு இருந்துச்சு.

பிரசவப் பணத்தைத் தனி அக்கவுண்ட்ல வைங்க, ஜிபே கனெக்ட் பண்ணாத அக்கவுண்ட். போனஸ்ல மிச்சம் 4,350, பைக் கட்டு நின்னதுல ஆறு மாசம் 18,900, மார்ச் ஏப்ரல்ல போன் கட்டு 4,200, வெளிச்சாப்பாடு ஆன்லைன் ஷாப்பிங் நிறுத்தி மாசம் 3,000, எல்லாம் சேந்து மே மாசம் 45,450 இருந்துச்சு. ஆஸ்பத்திரி, குழந்தை சாமான் போக 31,000 மிச்சம். ரெண்டு வட்டி அக்காவுக்கு அப்பவே குடுத்துரலாம்னு கை பரபரத்துச்சு, குடுக்கல. ஈஎஸ்ஐ பணம் வராம கையைக் காலி பண்ணா மறுபடி அதே அக்காகிட்ட போய் நிக்கணும். மூணு மாசம் 600 வீதம் 1,800 வட்டி கூடப் போச்சு, போகட்டும். பையனுக்கு மூணு மாசம் ஆனப்ப ஈஎஸ்ஐ பணம் வந்துச்சு, அந்த வாரமே 30,000-ஐ குடுத்து எழுதிக் குடுத்த பேப்பரைத் திருப்பி வாங்கிட்டோம்.

மாமாகிட்ட மட்டும் ஏழாம் மாசத்துலயே நேர்ல போய், அடுத்த தீபாவளிக்கு பாதி தர்றோம்னு தேதியோட சொல்லிட்டோம். கேக்கறதுக்கு முன்னாடி சொன்னதால அவரு "மெதுவா குடு சாமி"ன்னுட்டாரு. இப்ப பையனுக்கு அஞ்சு மாசம் ஆகப்போகுது, அடுத்த மாசம் நான் வேலைக்குப் போறேன், மாமியார் பாத்துக்கறேன்னு சொல்லிருக்காங்க. பர்சனல் லோன் இன்னும் 10 கட்டு, கார்டு 12 கட்டு, மூணு பவுன் இன்னும் பேங்க்லதான் இருக்கு. தீபாவளி போனஸ்ல முதல்ல மாமாவுக்கு 20,000, அதுக்கப்புறம் மிச்சம் இருந்தா நகைக்கு.