ஓர் ஊரின் காயக் கணக்கு: டாலி போடுவது எப்படி?

ஊரில் போன வருடம் விபத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டால் ஏதோ ஓர் எண் கிடைத்துவிடும். 25 வயதில் பைக்கில் போன பையனும் அதில் ஒன்று, 75 வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டியும் ஒன்று. முதுகுத்தண்டு உடைந்து உயிர்பிழைத்தவர் அந்த எண்ணிலேயே இல்லை.

இந்தக் கோளாறைச் சரிசெய்ய வந்ததுதான் டாலி (DALY, ஊனத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஆயுள் ஆண்டு). கிறிஸ்டோபர் மர்ரே, ஆலன் லோபஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் முன்னின்று உருவாக்கிய அளவு. 1993இல் உலக வங்கியின் அறிக்கை வழியாகப் பரவலானது. ஒரு டாலி என்றால் ஆரோக்கியமான வாழ்வில் ஓர் ஆண்டு போய்விட்டது என்று பொருள். ஒரு நோட்டும் எக்செலும் போதும், நாமே போட்டுப் பார்க்கலாம்.

படி 1: எதை எண்ணப் போகிறோம்?

ஒவ்வொரு காயத்துக்கும் இரண்டு பெயர் உண்டு. 'பைக்கிலிருந்து விழுந்தார்' என்பது காரணம். 'தொடை எலும்பு முறிவு' என்பது காயம். நோய்களுக்கான பத்தாம் சர்வதேசக் குறியீட்டில் காரணங்கள் வி, டபிள்யூ, எக்ஸ், ஒய் எழுத்துகளில் வரும். காயங்கள் எஸ், டி எழுத்துகளில். இறப்பைக் காரணத்தின் பெயரில் எழுதுவோம். ஊனத்தின் கனத்தைத் தீர்மானிப்பது காயம். அதனால் எக்செலில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும். கேஸ் ஷீட்டில் பெரும்பாலும் காயம் மட்டும்தான் இருக்கும். காரணத்துக்கு ஆக்சிடெண்ட் ரெஜிஸ்டரைப் புரட்டுங்கள். தற்கொலையும் அடிதடியும்கூட இந்தக் கணக்கில் சேரும், விட்டுவிடாதீர்கள்.

படி 2: இறப்புகளைத் திரட்டுங்கள்

ஒரே ஓர் இடத்தை நம்பாதீர்கள். 2016இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,50,785 பேர் என்றது அரசுக் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 2,99,091. ஏறக்குறைய இரண்டு மடங்கு! காவல் நிலையம், மருத்துவமனை, இறப்புப் பதிவேடு மூன்றையும் ஒப்பிட்டு, இரண்டு இடத்தில் வரும் ஒரே ஆளை ஒருமுறை மட்டும் எண்ணுங்கள். 'காரணம் தெரியவில்லை' என்று எழுதப்பட்டவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். அதே வயது, அதே பாலினத்தில் காரணம் தெரிந்த இறப்புகள் எந்த விகிதத்தில் இருக்கின்றனவோ அதே விகிதத்தில் பிரித்துச் சேருங்கள்.

படி 3: இழந்த ஆயுள்

இறந்த வயதில் இன்னும் எத்தனை ஆண்டு வாழ்ந்திருக்கலாம் என்பதை ஓர் ஆயுள் அட்டவணையிலிருந்து எடுப்போம். பயிற்சிக்கு முழு எண்களாக வைத்துக்கொள்வோம்: 25 வயதுக்கு 60, 75 வயதுக்கு 15. 50,000 பேர் வாழும் ஒரு கற்பனை ஊரில் பைக் விபத்தில் மூன்று இளைஞர்கள், வழுக்கி விழுந்து ஐந்து முதியவர்கள். இளைஞர்கள் 3 × 60 = 180. முதியவர்கள் 5 × 15 = 75. உயிர் அதிகம் போனது குளியலறையில். ஆண்டுகள் அதிகம் போனது சாலையில்.

படி 4: ஊனத்தோடு வாழும் ஆண்டுகள்

ஆட்களின் எண்ணிக்கை × எடை × காலம் (ஆண்டில்). எடை என்பது ஊனம் எவ்வளவு கடுமையானது என்பதைச் சொல்லும் எண்: 0 என்றால் முழு ஆரோக்கியம், 1 என்றால் இறப்புக்குச் சமம். பல நாடுகளில் பொதுமக்களிடம் இரண்டு பேரின் நிலைமையைச் சொல்லி, 'இவர்களில் யார் ஆரோக்கியமானவர்?' என்று கேட்டுத்தான் இந்த எடைகளை எடுத்தார்கள்.

முன்கை முறிவின் எடை 0.028. மாவுக்கட்டோடு மூன்று மாதம் என்றால் 0.028 × 0.25 = 0.007. கழுத்துக்குக் கீழே முதுகுத்தண்டு அடிபட்டுச் சிகிச்சையில் இருப்பவருக்கு 0.296, இன்னும் 40 ஆண்டு வாழ்வார் என்றால் 11.84. அந்த ஒருவருக்கு ஈடாக ஏறக்குறைய 1,700 கை முறிவுகள் வேண்டும். நம் ஊரில் 50 கை முறிவு, ஒரு முதுகுத்தண்டு என்றால் 0.35 + 11.84 = 12.19.

இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. நம் பக்கம் எலும்பு முறிந்தால் நேராகப் புத்தூர் கட்டுக்குப் போகிறவர்கள் நிறைய. அவர்கள் எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் வரமாட்டார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டால்தான் உண்டு.

படி 5: கூட்டுங்கள்

180 + 75 + 12.19 = 267.19 டாலி. லட்சம் பேருக்கு என்றால் சுமார் 534. வேறு ஊரோடு ஒப்பிடும் முன் வயது விகிதத்தைச் சமன்செய்யுங்கள், அதாவது இரண்டு ஊரிலும் இளையோர், முதியோர் பங்கு ஒன்றே என்று வைத்துக் கணக்கிடுங்கள். பழைய ஆய்வுகளோடு ஒப்பிடும்போது இன்னும் கவனம்: அவற்றில் குழந்தைகள், முதியவர்களைவிட இளைஞர்களின் ஆண்டுகளுக்குக் கூடுதல் மதிப்பும், எதிர்கால ஆண்டுகளுக்கு 3 சதவீதக் கழிவும் இருக்கும். உலக நாடுகளுக்கு டாலி கணக்கிடும் உலக நோய்ச்சுமை ஆய்வின் 2010 பதிப்பில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். நல்ல வேலை என்பேன். 40 வயதுக்காரரின் ஓர் ஆண்டைவிடக் குழந்தையின் ஓர் ஆண்டு எப்படிக் குறைந்துபோகும்?

கடைசியாக ஒன்றை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு காலை இழந்தவருக்குச் செயற்கைக் கால் இருந்தால் எடை 0.039, இல்லையென்றால் 0.173. முப்பது ஆண்டுக்கு 1.17, 5.19. அந்த 0.039 எனக்கு ரொம்பக் குறைவாகத்தான் படுகிறது. சேற்றில் இறங்கி நாற்று நட வேண்டியவரின் கூலி இழப்பு அதில் கிடையாது; இந்த எடை அளப்பது உடல்நலத்தை மட்டும்தான். ஆனாலும் ஒரு செயற்கைக் கால் எத்தனை ஆண்டை மீட்கிறது என்று உங்கள் கலெக்டரிடம் காட்ட, நடுவில் இருக்கும் அந்த 4.02 போதும்.