கம்ப்யூட்டருக்குப் பதில் டேப்லெட்: வாங்கும் முன்பே நடக்கும் தவறுகள்

மின்னஞ்சல், கரண்ட் பில், ரயில் டிக்கெட், வீடியோ கால் எல்லாவற்றுக்கும் டேப்லெட் தாராளமாகப் போதும். அதை இன்னொரு கருவியோடு சேர்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ராம் எவ்வளவு, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கடையில் விசாரிக்கிறவர்களுக்கு வீட்டிலிருக்கும் பிரிண்டர் நினைவுக்கு வருவதில்லை.

வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் அதிகம் பார்க்கக்கூடிய கேனன் எல்பிபி 2900, யுஎஸ்பி கேபிளோடு, கம்ப்யூட்டரில் நிறுவ வேண்டிய டிரைவர் என்ற தனி மென்பொருளையும் நம்பி ஓடுவது. டேப்லெட்டில் யுஎஸ்பி கருவிகளை இணைக்கும் ஓடிஜி கேபிளில் செருகினால் மட்டும் அச்சாகிவிடாது. டேப்லெட்டிலிருந்து நேரடியாக அச்சிட உதவும் வசதிகளான, ஐபேடுக்கு ஏர்பிரிண்ட், ஆண்ட்ராய்டுக்கு மோப்ரியா என்று பெட்டியில் போட்டிருக்கும் வைஃபை பிரிண்டரைப் பாருங்கள்.

வியாபாரிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டேலி பிரைம் விண்டோஸுக்கான கணக்கு மென்பொருள். டேப்லெட்டில் நிறுவ முடியாது. தனிநபர் வியாபாரி ஜிஎஸ்டி ரிட்டர்னை ஓடிபி வைத்தே சமர்ப்பித்துவிடலாம். கம்பெனி, எல்எல்பி என்றால் பென்டிரைவ் போன்ற டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வேண்டும், அதன் டிரைவருக்குக் கம்ப்யூட்டரும் வேண்டும். இந்த வேலைகள் உள்ளவர்கள் பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

எக்செல் செயலி இருக்கிறதே என்றால், இருக்கிறது. ஆனால் வேலைகளைத் தானாகச் செய்யும் மேக்ரோ ஓடாது. திரை 10.1 அங்குலத்தைத் தாண்டினால் திருத்துவதற்கே மைக்ரோசாஃப்ட் சந்தா கேட்கும். சாதாரணக் கணக்குக்கு கூகுள் ஷீட்ஸ் போதும், இலவசம். பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த பழைய தமிழ்க் கோப்புகள் டேப்லெட்டில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். கம்ப்யூட்டர் கையில் இருக்கும்போதே, எல்லாக் கருவிகளிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், பார்க்க மட்டும் என்றால் பிடிஎஃப் ஆக்கினால் போதும்.

கோப்புகள் தொலைவதுதான் மிகப் பெரிய நஷ்டம். ஐபேடில் ஒரு செயலியை நீக்கினால், அதற்குள் சேமித்த ஆவணங்களும் கூடவே போய்விடும். இடம் வேண்டி நீக்குவதானால் செட்டிங்ஸ், ஜெனரல், ஐபேட் ஸ்டோரேஜ் போய், அந்தச் செயலியைத் தொட்டு 'ஆஃப்லோட் ஆப்' கொடுங்கள். செயலி போகும், ஆவணம் நிற்கும். இந்த நெருக்கடி பெரும்பாலும் 64 ஜிபி வாங்கியவர்களுக்குத்தான். சிஸ்டமே அதில் கணிசமாக எடுத்துக்கொள்கிறது, 128 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். ஆண்ட்ராய்டில் மெமரி கார்டு போடலாமே என்று தோன்றும். படங்களுக்குச் சரி, பல செயலிகள் அதற்கு நகராது.

டைப்-சி துளை இருந்தாலே டிவியிலோ மானிட்டரிலோ படம் வந்துவிடும் என்று நம்பி எச்டிஎம்ஐ கேபிள் வாங்குவதும் வீண் செலவு. விலை குறைந்த பல ஆண்ட்ராய்டு டேப்லெட்களில் அந்தத் துளை சார்ஜுக்கும் கோப்புக்கும் மட்டுமே. படத்தை வெளியே அனுப்பும் 'டிஸ்ப்ளேபோர்ட்' வசதி உண்டா என்று விவரப் பட்டியலில் பாருங்கள். இருப்பதோ ஒரே துளை. ஆகவே அதைப் பல துளைகளாக்கும் ஹப் வாங்கினால், சார்ஜரையும் செருக இடமுள்ள 'பிடி' (PD, பவர் டெலிவரி) ஹப்பாக வாங்குங்கள்.

பென்டிரைவ் என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் சேமிப்பு முறையில் இருந்தால் ஐபேடால் அதில் எழுத முடியாது. உள்ளே இருப்பதை நகலெடுத்து வைத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் முறைக்கு ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.