200 கேமராவுக்கு எவ்வளவு பெரிய ஸ்டோரேஜ் சர்வர்?

செங்கோட்டை, புளியரைப் பக்கம் குடோனுக்கு நிறைய கேமரா போடுகிறவர்கள் சர்வர் விலை கேட்கும் முன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட்) வேகத்தில் 24 மணி நேரமும் பதிவு செய்தால் நாளைக்கு 43 ஜிபி. 200 கேமரா, 30 நாள் என்றால் சுமார் 260 டிபி (டெராபைட், ஒரு டிபி என்பது 1000 ஜிபி). இது வெயில் நாள் கணக்கு. சாரல் காலத்தில் மழைத்தாரையும் தென்னை ஓலையும் படத்தில் ஆடிக்கொண்டே இருக்கும், வேரியபிள் பிட்ரேட் (படத்தில் அசைவுக்கு ஏற்ப பதிவின் அளவு கூடிக் குறையும் அமைப்பு) வைத்திருந்தால் அளவு ஏறிவிடும், இதை மறந்துபோய் 22 நாளிலேயே பழைய பதிவுகள் அழிந்து முதலாளியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. டிஸ்க்குகளுக்கு ரெய்டு 6 (RAID 6, பல டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்துத் தகவலைக் காக்கும் முறை) எடுங்கள், பெரிய டிஸ்க் ஒன்று போய் மாற்று டிஸ்க்கில் தகவல் ஏறி முடிப்பதற்குள் இன்னொன்று போனாலும் தாங்கும். ஒவ்வொரு தொகுப்பிலும் இரண்டு டிஸ்க் அளவு இந்தப் பாதுகாப்புக்கே போய்விடும், சரியா? அப்புறம், சாதா கம்ப்யூட்டர் டிஸ்க் வேண்டவே வேண்டாம்.